நியோபிரீன் வாரால் தோல் புண்படும் குதிரைக்கு

வணக்கம். தங்கள் குதிரையின் முன்னங்கால் அக்குளில் மயிர் உதிர்ந்து தோல் சிவந்திருப்பதாகவும், சேணத்தை வயிற்றோடு கட்டும் நியோபிரீன் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) வாருக்குப் பதிலாக எதை வாங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். நியோபிரீனைக் கழுவுவது எளிது என்பது உண்மைதான். ஆனால் அது காற்றை உட்புக விடாது என்பதால், பினாங்கின் புழுக்கத்தில் வியர்வையும் சூடும் வாருக்கும் தோலுக்கும் நடுவே தேங்கி, உராய்வு சேரும்போது தோல் வெந்துபோகிறது.

நான் உறுதியாகப் பரிந்துரைப்பது முழு மொஹேர் வார். அங்கோரா ஆட்டின் மயிரை முறுக்கிய கயிறுகளை வரிசையாகக் கோத்துச் செய்வதால் அது வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், இடுக்குகளின் வழியே காற்றும் புகும். ரேயான் என்னும் செயற்கை இழை கலந்தவை விலை மலிவாகக் கிடைக்கும். எனவே முழு மொஹேர்தானா என்று வாரிலுள்ள விவரச் சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். கம்பளி உறையிட்டவை மென்மையானவை என்றாலும் நம் ஈரக்காற்றில் எளிதில் உலர்வதில்லை. பதனிட்ட தோலால் செய்த வாரில் பூஞ்சணம் பிடிக்கும்.

மொஹேரிலும் வியர்வை உப்பு காய்ந்தால் இழைகள் விறைத்து அரம்போல் அறுக்கும் என்பதால், சவாரி முடிந்ததும் நிழலில் நன்கு உலர்த்தித் தூரிகையால் துலக்குங்கள். விறைப்பு தெரிந்தால் மிதமான சோப்பு நீரில் அலசுங்கள்.

புண் முழுதாக ஆறும்வரை தயவுசெய்து சேணம் பூட்ட வேண்டாம். பிறகு பூட்டும்போது வாரைச் சிறிது சிறிதாக இறுக்கி, ஏறுவதற்கு முன் முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னே இழுத்துவிட்டால், அடியில் மடிந்த தோல் நேராகிவிடும்.