மார்க்குக்காக வரைவதா? ஓவிய ஆசிரியரிடம் சில கேள்விகள்

பதினோராம் வகுப்பு மாணவி: கரித்துண்டில் வேகமாக வரைவதுதான் எனக்குப் பிடிக்கும். ஆனால் பென்சிலில் போட்டோ போல நுணுக்கமாக வரைபவர்களுக்கே வகுப்பில் மார்க் கிடைக்கிறது. நானும் மாறிவிடட்டுமா?

மாறாதீர்கள். முதலில் மதிப்பெண் திட்டத்தை நீங்களே படியுங்கள். பலரும் அதைக் காதால் கேட்டதோடு சரி. உதாரணத்துக்கு, இங்கிலாந்தில் பதினாறு வயதையொட்டி எழுதும் ஜிசிஎஸ்இ பள்ளித் தேர்வின் ஓவியப் பாடத்தில், யோசனையை வளர்ப்பது, பலவிதமாக வரைந்து சோதிப்பது, பார்த்ததைப் பதிவது, கடைசிப் படைப்பு என நான்கு பகுதிகள்; ஒவ்வொன்றுக்கும் 25 சதவீதம். அந்தக் கடைசிப் பகுதியில் கேட்பதும் சொந்தமான, பொருளுள்ள வெளிப்பாட்டைத்தான். போட்டோ போல இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

உங்களுக்கு மார்க் குறைவது கரியால் இருக்காது. கைக்குப் பின்னால் ஓடிய யோசனை தாளில் தெரியாததால் இருக்கலாம். ஒரே கையை மூன்று தடவை வரையுங்கள்: ஒன்று கரியை அழுத்தி, ஒன்று விரலால் தேய்த்து, இன்னொன்று தாள் முழுக்கக் கரி பூசிவிட்டு ரப்பரால் வெளிச்சத்தை எடுத்து. எது பிடித்தது, ஏன் என்று பக்கத்திலேயே இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் பாணியும் போகாது, பார்ப்பவருக்கும் புரியும்.

மாணவர்: படத்தை முடித்துவிட்டு, முன்பே வரைந்தது போல ஸ்கெட்ச் போட்டு நோட்டில் ஒட்டுகிறோம். எல்லோரும் செய்வதுதானே?

எல்லோரும் செய்தாலும் பொய் பொய்தான். பழகிய கண்ணுக்கு அது தெரிந்தும்விடும்: அந்த ஸ்கெட்ச்களில் தடுமாற்றமே இருக்காது, எல்லாம் நேராகக் கடைசிப் படத்தில் போய் நிற்கும். 1937-ல் பிக்காசோ 'குவெர்னிகா' என்ற போர் எதிர்ப்பு ஓவியத்தை வரைந்தபோது, புகைப்படக் கலைஞர் டோரா மார் அதைக் கட்டம் கட்டமாகப் படமெடுத்தார். ஆரம்பத்தில் மேலே உயர்ந்து நிற்கும் முஷ்டி ஒன்று இருக்கிறது. முடிந்த ஓவியத்தில் அது இல்லை. அப்படி நீங்கள் கைவிட்டவைதான் நோட்டில் இருக்க வேண்டும். ஸ்கெட்ச் போடாமல் நேரடியாக வரைகிற ஆளா? சரி, வேலை நடக்கும்போதே போனில் படமெடுத்துத் தேதியோடு ஒட்டுங்கள்.

மாணவி: தலைப்பு கொடுத்து வரையச் சொன்னால் அது எப்படி என் ஓவியம் ஆகும்?

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642-ல் முடித்த 'இரவுக் காவல்' கூடக் கேட்டு வாங்கிய படம்தான். காவல் படையினர் தங்கள் உருவப்படத்துக்காகப் பணம் கொடுத்தார்கள். அவரோ அவர்களை வரிசையில் நிறுத்தாமல், கிளம்பப் போகிற கூட்டமாக வரைந்தார். தலைப்பு 'வீடு' என்றால் கட்டடம்தான் வரைய வேண்டுமா என்ன? யார் இல்லாத வீடு, எந்த நேரத்து வீடு என்று யோசிக்கத் தொடங்கும்போதே அது உங்களுடையதாகிவிடுகிறது.

ஒரு தாய்: மகளின் படம் ரொம்ப இருட்டாக இருக்கிறது, மாற்று என்கிறார் ஆசிரியர். மார்க் போய்விடுமோ?

"எந்தப் பகுதியில் மார்க் குறையும்?" என்று மகளையே ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். உருவமும் பின்னணியும் கலந்து எதுவும் தெரியவில்லை என்றால், ஆசிரியர் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். படத்திலுள்ள சோகம் அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றால் மாற்றத் தேவையில்லை. ஏன் அந்த இருட்டு என்று மகள் நான்கு வரி எழுதி வைக்கட்டும். அப்படியும் ஓரிரு மார்க் போனால் போகட்டும். வீட்டில் அதைப் பேச்சாக்காதீர்கள்.