கணினி கேள்வி-பதில்: 112-ஐ 113 ஆக்கினால் அடுத்தவர் ஆர்டர்!

கேள்வி: எங்கள் தேன் வியாபாரத்துக்கு நானே பிஎச்பி (PHP) என்ற நிரல்மொழியில் ஒரு தளம் எழுதினேன். ஆர்டர் பக்கத்தின் முகவரி ‘?ஆர்டர்=112’ என்கிற மாதிரி முடியும். வாடிக்கையாளர் ஒருவர் சும்மா 113 என்று மாற்றிப் பார்த்துவிட்டு, “மக்களே, வேற ஆளுக்க போன் நம்பரும் அட்ரஸும் காட்டுதே” என்று கூப்பிட்டுச் சொன்னார். எண்ணை பேஸ்64-ஆக மாற்றி மறைத்தால் போதுமா?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: போதாது. முதலில் அந்தப் பக்கத்தை நிறுத்தி வையுங்கள். பேஸ்64 (Base64) என்பது எழுத்துகளை வேறு வடிவில் எழுதும் முறைதான், பூட்டே இல்லை, யாரும் ஒரு நிமிடத்தில் திருப்பி வாசித்துவிடலாம். முகவரியில் பார்ப்பவர் எதை வேண்டுமானாலும் எழுதி அனுப்புவார். 113 இப்போது லாகின் செய்திருப்பவரின் ஆர்டர்தானா என்று உங்கள் நிரல்தான் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். தரவுத்தளத்தில் தேடும்போதே ஆர்டர் எண்ணோடு வாடிக்கையாளர் எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள், வாடிக்கையாளர் எண்ணை செஷனிலிருந்து (லாகின் செய்தவர் யார் என்று சர்வர் வைத்திருக்கும் குறிப்பு) எடுங்கள், அதையும் முகவரியிலிருந்தே எடுத்துத் தொலைக்காதீர்கள் (செய்கிறார்கள்!). பொருந்தாவிட்டால் 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்று காட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று இதைவிடப் பெரிய ஓட்டை. அந்த 112-ஐ அப்படியே எஸ்க்யூஎல் (SQL, தரவுத்தளத்திடம் கேட்கும் மொழி) வரியில் ஒட்டியிருந்தால், ஒருவர் அதன் பின்னால் ஆங்கிலத்தில் ‘ஆர் 1=1’ (OR 1=1, ‘அல்லது 1=1’; இது எப்போதும் உண்மை) என்று சேர்த்து அடித்தாலே எல்லா ஆர்டரும் கொட்டிவிடும். எஸ்கேப் செய்கிறேனே (ஆபத்தான எழுத்துகளை முடக்குகிறேனே) என்பீர்கள். அது மேற்கோள் குறி மாதிரி சில எழுத்துகளைத்தான் பிடிக்கும், எண்ணைச் சுற்றி மேற்கோளே இல்லாதபோது அதற்கு என்ன வேலை? பிஎச்பியிலிருந்து தரவுத்தளத்தோடு பேச உதவும் பிடிஓ-வில் (PDO) எஸ்க்யூஎல் வரியை முதலில் பிரிப்பேர் (prepare) செய்து, மதிப்பைத் தனியாக அனுப்புங்கள். வந்தது முழு எண்தானா என்றும் பாருங்கள். வெறுமனே இன்ட் (int, முழு எண்) ஆக்கினால் ‘112தேன்’ கூட 112 ஆகிவிடும், அதனால் முழு எண்தானா என்று சோதிக்க பிஎச்பியின் ஃபில்டர்_வார் (filter_var) நல்லது.

கேள்வி: என் கடைத் தளத்தில் ‘தேன் & மெழுகு’ லிங்கை அழுத்தினால் தேன் மட்டும்தான் வருகிறது. ஏன்?
- வாசகர், தக்கலை

பதில்: முகவரியில் & வந்தால் அடுத்த பாராமீட்டர் (முகவரியில் ‘பெயர்=மதிப்பு’ என்று வரும் துண்டு) தொடங்குகிறது என்று அர்த்தம், அதனால் மெழுகு தனியே போய்விட்டது. லிங்கைக் கையால் ஒட்டாமல், மதிப்பை பிஎச்பியின் ராயூஆர்எல்என்கோட் (rawurlencode) வழியாகச் சேருங்கள், அது & போன்றவற்றை % குறியோடு மாற்றி எழுதிவிடும். அப்புறம் முகவரி இவ்வளவு நீளமா என்று பயப்படாதீர்கள்: தமிழில் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 3 பைட், பைட்டுக்கு 3 எழுத்து (% ஒன்றும் அதன்பின் இரண்டும்), ‘தேன்’ (த, ஏகாரக் குறி, ன, புள்ளி என 4 குறி) மட்டுமே 36 எழுத்து பிடிக்கும்.