வெயில் நாளில் கடல்நீர்த் தொட்டி

கேள்வி: 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களும் ஒரு கோபி மீனும் சில மென்பவளங்களும் வளர்க்கிறேன். வெயில் காலம் தொடங்கியதிலிருந்து பிற்பகலில் நீர் 31 டிகிரியைத் தொடுகிறது. மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வேகமாக மூச்சு விடுகின்றன; பவளங்கள் சுருங்கிக் கிடக்கின்றன. பனிக்கட்டி போட்டால் சிறிது நேரம் தணிகிறது, பிறகு மீண்டும் சூடேறிவிடுகிறது. நீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லரை வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: சில்லரைப் பற்றிப் பிறகு முடிவு செய்யலாம். இன்றே செய்ய வேண்டியவை இரண்டு: பனிக்கட்டியை நேரடியாகத் தொட்டியில் போடுவதை நிறுத்துங்கள், தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, நீர்மட்டத்தின் மேல் காற்று படும்படி ஒரு சிறிய மின்விசிறியைப் பொருத்துங்கள். கோபி துள்ளிக் குதிக்கும் மீன் என்பதால், மூடிக்குப் பதிலாக மெல்லிய வலை ஒன்றைக் கட்டாயம் விரிக்க வேண்டும்.

மீன்கள் மேலே வந்து மூச்சு விடுவதற்குக் காரணம் உயிர்வளிக் (ஆக்சிஜன்) குறைவு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்க முடியும். 31 டிகிரியில் அது ஏறத்தாழ 6.1 மில்லிகிராமாகக் குறைகிறது. அதே வேளையில், சூட்டால் மீனின் உடலியக்கம் விரைவடைந்து அதன் தேவையோ கூடிவிடுகிறது. ஆகவே நீரோட்டப் பம்பின் வாயைச் சற்று மேல்நோக்கித் திருப்பி, நீர்மட்டம் நன்கு அலையும்படி வையுங்கள். விளக்கு அணைந்த பிறகு தொட்டியில் எதுவும் உயிர்வளியை உண்டாக்குவதில்லை என்பதால், இந்த அலைவு இரவில் பகலைவிடவும் முக்கியம். வெப்பம் தணியும்வரை உணவையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

மின்விசிறி எளிய கருவிதான் என்றாலும் அதன் ஆற்றலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். வியர்த்த உடலில் காற்று படும்போது குளிர்வதைப் போலவே, ஆவியாகும் நீர் தன்னோடு வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். வெளியிலிருந்து சூடே வராது என்று வைத்துக்கொண்டால், அது உங்கள் 60 லிட்டரை 10 டிகிரி குளிர்விக்கப் போதுமானது. நடைமுறையில் அறையின் சூடு தொடர்ந்து உள்ளே வந்துகொண்டிருப்பதால் 2 முதல் 4 டிகிரி வரை இறங்கும் என எதிர்பார்க்கலாம். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் ஆவியாதல் தளர்ந்து பலனும் குறையும்; சன்னலைத் திறந்து ஈரக் காற்று வெளியேற வழி செய்வது அப்போது உதவும்.

இதற்கு ஈடாக நீங்கள் ஏற்க வேண்டிய பொறுப்பு ஒன்று உண்டு. சிறு தொட்டிகள் பலவும் கெடுவது அங்கேதான். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. உப்பளவு ஆயிரத்துக்கு 35 பங்கு உள்ள உங்கள் தொட்டியில் இரண்டு லிட்டர் குறைந்தால் அது 36-ஐத் தாண்டிவிடும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் நிலைமை ஆபத்தாகும். ஆகவே குறைந்த அளவுக்கு ஒவ்வொரு நாளும், முடிந்தால் காலையும் மாலையும், ஆர்.ஓ. வழியாகத் தூய்மையான நன்னீரையே ஊற்ற வேண்டும், உப்பு நீரை அல்ல. தொட்டியின் பக்கத்தில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு வரைந்து வைத்தால் அளவு தவறாது. தானாக நீர் நிரப்பும் கருவியை வாங்க முடிந்தால், இந்தக் காலத்தில் அதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை என்பது என் கருத்து.

அடுத்து, தொட்டிக்குள்ளேயே உண்டாகும் சூட்டைப் பாருங்கள். நீருக்குள் மூழ்கியிருக்கும் பம்ப் உண்ணும் மின்சாரம் அநேகமாக முழுவதும் இறுதியில் வெப்பமாக நீரில்தான் சேர்கிறது; தேவைக்கு மேல் பெரிய பம்ப் இருந்தால் மாற்றுங்கள். விளக்கு எரியும் நேரத்தை மாலைக்கும் முன்னிரவுக்கும் நகர்த்துங்கள். சில நாட்களில் பவளங்கள் அதற்குப் பழகிவிடும். ஹீட்டரின் தானியங்கி நிறுத்தம் பழுதாகி அது ஓயாமல் எரிகிறதா என்பதையும் இன்னொரு வெப்பமானியைக் கொண்டு சரிபாருங்கள்.

பனிக்கட்டி நேரடியாகக் கரையும்போது உப்பளவும் வெப்பநிலையும் ஒருங்கே சட்டென்று மாறுகின்றன. அவசரம் நேர்ந்தால், நீர் நிரப்பி உறையவைத்த ஒரு லிட்டர் புட்டியை மூடியை இறுக்கி மிதக்கவிடுங்கள்; அது முழுவதும் உருகி முடிவதற்குள் உங்கள் தொட்டி ஏறத்தாழ ஒன்றரை டிகிரி குளிரும். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்கத் தொடங்கினால் புட்டியை எடுத்துவிடுங்கள். பகலில் 31, இரவில் 25 என்று ஏறி இறங்குவதைவிட, சீராக 27-இல் நிற்பதே உயிர்களுக்கு நல்லது. மின்விசிறியை வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைத்து, 27-இல் ஓடி 26-இல் நிற்கும்படி அமைத்தால் இரவில் அளவுக்கு மீறிக் குளிராது.

இவை அனைத்தையும் செய்து ஒரு வாரம் பார்த்த பிறகும் நீர் 29 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்றால், சில்லர் வாங்குவது நியாயமே. ஆனால் அது நீரிலிருந்து எடுக்கும் வெப்பத்தை அறைக்குள்ளேயே விடும். தொட்டியின் அடியிலுள்ள மூடிய அலமாரியில் வைத்தால், விட்ட சூட்டையே மீண்டும் இழுத்துத் திணறும். காற்றோட்டமான இடம் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

பவளங்கள் சுருங்கியிருப்பதைக் கண்டு மனம் தளர வேண்டாம். சூடு நீடித்தால் அவை தம் திசுக்களில் வாழும் பாசிகளை இழந்து வெளுக்கக்கூடும். வெளுத்தாலும் திசு அழுகாமல் இருக்கும்வரை அவை உயிரோடுதான் இருக்கின்றன. விளக்கின் ஒளியைச் சற்றுக் குறைத்து, வெப்பத்தைச் சீராக வைத்து, சில வாரங்கள் பொறுத்திருங்கள். அதற்குள் எதையும் எடுத்து எறிந்துவிடாதீர்கள்.