மாண்டிசோரி பாலர் பள்ளியில் படித்தால் தொடக்கநிலை 1-க்குப் பிள்ளை தயாராகுமா?

தயாராகும். ஆனால் பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். ‘மாண்டிசோரி’ என்ற பெயருக்குத் தனியுரிமை இல்லை; எந்தப் பள்ளியும் அதை வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் பாலர் பள்ளி நடத்த உரிமம் கட்டாயம்தான். இருந்தாலும், அங்கே நடப்பது இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி வகுத்த கற்பித்தல் முறைதானா என்பதை நீங்களேதான் நேரில் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

வகுப்பு நடக்கும்போது போங்கள். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்களா? இடையூறு இல்லாமல் ஏறக்குறைய மூன்று மணி நேரம், தாங்களே தேர்ந்தெடுத்த வேலையில் ஈடுபட விடுகிறார்களா? அரைமணிக்கொரு முறை மணியடித்துப் பாடம் மாற்றினால், அலமாரியில் இருக்கும் மரத்தாலான கற்றல் சாமான்கள் வெறும் அலங்காரம்தான்.

அந்தச் சாமான்களின் சூட்சுமம் அழகானது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ‘இளஞ்சிவப்புக் கோபுரத்தில்’ பத்துக் கனசதுரங்கள், 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை. வரிசை தவறினால் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆசிரியர் திருத்த வேண்டியதில்லை. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் வருடி ஒலியைச் சொல்லும் பிள்ளை, பென்சில் பிடிப்பதற்கு முன்பே எழுத்தின் வடிவத்தை அறிந்துகொள்கிறது. இத்தகைய பயிற்சி எழுதவும் எண்ணவும் நல்ல அடித்தளம். தொடக்கநிலை 1-இல் முழு வகுப்போடு உட்கார்ந்து பாடம் கேட்பதும் எழுத்துக்கூட்டல் தேர்வும் மட்டும் சற்றுப் புதிதாக இருக்கும், பெரும்பாலும் பழகிவிடும்.

தமிழ் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். பல தனியார் பள்ளிகளில் சீனம் மட்டுமே தாய்மொழிப் பாடம். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவர் மாண்டிசோரி. அதனால் தமிழ் உப்புத்தாள் எழுத்துகள் கேட்பது ஒன்றும் பேராசையில்லை.