வாசகர் கேள்வி – பதில்: கோவாவை ஆற்றின் வழியே பாருங்கள்

கேள்வி: பணி ஓய்வு பெற்ற நானும் என் மனைவியும் மூன்று நாள் கோவா சென்றுவர எண்ணியிருக்கிறோம். கடற்கரையும் கேளிக்கையும் தவிர, எங்களைப் போன்றவர்கள் பார்ப்பதற்கு அங்கே ஏதேனும் உண்டா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: கோவா என்றதும் கடற்கரை மட்டுமே நினைவுக்கு வருவது சுற்றுலா விளம்பரங்கள் செய்த வேலை. 3,702 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, இந்தியாவிலேயே மிகச் சிறிய அந்த மாநிலத்தின் வரலாறு, அலையடிக்கும் கரையில் நடந்ததைவிட மாண்டவி, சுவாரி என்னும் இரண்டு ஆறுகளின் கரைகளில்தான் அதிகம் நடந்திருக்கிறது. ஆகவே பனாஜியில் தங்கிக்கொண்டு, மாண்டவியை ஒட்டி உள்நாட்டுப் பக்கமாகச் செல்லுங்கள்.

கிழக்கே சுமார் 10 கிலோமீட்டரில் பழைய கோவா இருக்கிறது. 1510இல் பிஜாப்பூர் சுல்தானிடமிருந்து போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க் கைப்பற்றிய இந்நகரம், ஆசியாவிலிருந்த போர்த்துக்கீசிய ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் தலைநகராக விளங்கியது. கொள்ளைநோய்கள் மீண்டும் மீண்டும் தாக்க, மக்கள் சிறிது சிறிதாக வெளியேறினார்கள். 1843இல் தலைநகர் என்னும் தகுதியும் பனாஜிக்குப் போய்விட்டது. இன்று அங்கே எஞ்சியிருப்பவை பெரும்பாலும் தேவாலயங்களே. அவற்றுள் முழுமையாக நிற்பவற்றைவிட, 1842இல் கூரை சரிந்து, பின்னர் கோபுரமும் பாதி இடிந்து, செம்புரைக்கல் தெரிய 46 மீட்டர் உயரத்துக்கு ஒற்றையாக நிற்கும் புனித அகஸ்டின் ஆலயச் சிதைவுதான் அந்த நகரத்துக்கு நேர்ந்ததைத் தெளிவாகச் சொல்கிறது என்பது என் எண்ணம். சற்றுக் கீழே ஆற்றோரத்தில் 1599இல் எழுப்பப்பட்ட வைஸ்ராய் வளைவு இருக்கிறது. ஆற்றைப் பார்த்த பக்கத்தில், மாடத்தில் வாஸ்கோ ட காமா நிற்கிறார். புதிதாகப் பதவியேற்க வந்த ஆளுநர்கள் நகருக்குள் நுழைந்த வழி இதுவே. அதன் அருகிலிருந்து திவார் தீவுக்குப் படகு போகிறது. காரும் பைக்கும் ஏற்றிச் செல்லும் தட்டையான இரும்புப் படகு அது, நடந்து ஏறுபவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. சூதாட்டக் கப்பல்களுக்குச் செலவழிக்க நினைக்கும் நேரத்தை இந்தப் படகில் கழிக்கலாம்.

இரண்டாம் நாளை போண்டா வட்டாரத்துக்கு ஒதுக்குங்கள். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் தம் ஆளுகையிலிருந்த ஊர்களில் கோயில்களை இடித்தபோது, மக்கள் தங்கள் தெய்வங்களை எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து, அவர்கள் ஆட்சி அப்போது எட்டாத இந்தப் பகுதியில் கொண்டுவந்து வைத்தார்கள். மங்கேஷி சிவன் கோயிலும் அப்படி இடம்பெயர்ந்ததுதான். முற்றத்தில் அடுக்கடுக்காக உயரும் வெண்ணிற விளக்குக் கோபுரத்தை நம் ஊர்க் கோயில்களில் காண இயலாது.

மூன்றாம் நாள் பனாஜியின் ஃபோண்டெய்ன்ஹாஸ் தெருக்களில் நடந்தாலே போதும். கோவாவின் பழைய வீடுகள் சிலவற்றில் கண்ணாடிக்குப் பதிலாக, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சிப்பி ஓடுகளை உள்ளங்கையளவு சதுரங்களாக நறுக்கி மரச்சட்டத்தில் செருகிய சாளரங்களைக் காணலாம். வெயில் அவற்றின் வழியே பால் நிறமாக இறங்கும். அதைக் கொங்கணியில் ‘ஜனேல்’ என்பார்கள். நம் ‘ஜன்னல்’ வந்ததும் அதே போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்துதான். சாவி, மேசை, அலமாரி, பாதிரி ஆகியவையும் அவ்வாறு வந்து நம் வீட்டுச் சொற்களாகிவிட்டவையே.

கேள்வி: கோவாவில் உடல் வைக்கப்பட்டிருக்கும் புனித சவேரியாருக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே? (ஒரு வாசகி, தூத்துக்குடி)

பதில்: உங்கள் கடற்கரையோடுதான் தொடர்பு. 1542இல் கோவா வந்திறங்கிய அவர், அதே ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் நடுவே பணிசெய்தார். மணப்பாட்டில் அவர் தங்கியதாகக் காட்டப்படும் குகை இன்றும் இருக்கிறது. 1552இல் சீனக் கடலோரத் தீவொன்றில் இறந்தவரின் உடல் 1554இல் கோவாவை அடைந்தது. அது இப்போது, 1605இல் அர்ச்சிக்கப்பட்ட போம் ஜீசஸ் பேராலயத்தில், வெள்ளிப் பேழைக்குள் உயரத்தில் இருக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறைதான் கீழே இறக்கிப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள்; கடைசியாக 2024 நவம்பரில் தொடங்கி 2025 ஜனவரி வரை வைத்தார்கள். மற்ற நாள்களில் செல்பவர்கள் பேழையைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இன்னொரு தொடர்பும் உண்டு. இந்தியாவின் முதல் அச்சகம் 1556இல் கோவாவுக்கு வந்தது. 1577இல் அங்கே தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு கொல்லத்தில் அச்சான, போர்த்துக்கீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’, இந்திய எழுத்துகளில் அச்சேறிய முதல் நூல்.

கேள்வி: 1947இல் நாடு விடுதலை பெற்ற பிறகும் கோவா ஏன் போர்த்துக்கீசியரிடம் இருந்தது? (ஒரு மாணவர், ஈரோடு)

பதில்: ஆங்கிலேயர் வெளியேறியது போர்த்துக்கீசியரைக் கட்டுப்படுத்தவில்லை, கோவா காலனியன்று, போர்ச்சுகலின் ஒரு பகுதியே என்று அந்நாட்டுச் சர்வாதிகாரி சலாசாரின் அரசு வாதிட்டது. பேச்சுவார்த்தைகள் பயன்தராமல், 1961 டிசம்பரில் ‘ஆபரேஷன் விஜய்’ நடவடிக்கையின் மூலம் இந்தியப் படை இரண்டே நாளில் கோவாவை மீட்டது. 451 ஆண்டு ஆட்சி அத்துடன் முடிந்தது. மகாராஷ்டிரத்தோடு இணைவதா என்று 1967இல் மக்களிடம் கேட்டபோது, பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். ஒன்றியப் பகுதியாக நீடித்த கோவா, 1987 மே 30 அன்று தனி மாநிலமாயிற்று.

கேள்வி: எப்போது, எப்படிப் போவது? (ஒரு வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான பருவம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும், கடலில் இறங்கக் கூடாது; ஆனால் மேற்சொன்ன இடங்களுக்கு மழை பெரிய தடையன்று. வேளாங்கண்ணிக்கும் கோவாவிலுள்ள வாஸ்கோ ட காமா நகருக்கும் இடையே வாரம் ஒருமுறை ஓடும் ரயில், தூத்சாகர் அருவியை ஒட்டிய மலைப்பாதை வழியாகவே இறங்குகிறது. விமானத்தில் செல்பவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் வரைபடத்தைப் பாருங்கள். கோவாவில் இப்போது தெற்கே தாபோலிம், வடகோடியில் மோபா என இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன. தெற்கே அறை எடுத்துவிட்டு மோபாவில் இறங்கினால், மிச்சம்பிடித்த விமானக் கட்டணம் டாக்சிக்கே போய்விடும்.