ஊசி குத்திய தக்காளிப்பழம்

கேள்வி: எனக்கு 58 வயது. பதினொரு வருடமாகச் சலரோகம். இப்போது காலையும் மாலையும் இன்சுலின் போடுகிறேன். கனடாவில் இருக்கும் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். மரபணு மாற்றிய சோளம் தின்ற எலிகளின் உடம்பில் பெரிய பெரிய கட்டிகள். தக்காளிப்பழத்தில் ஊசி குத்தும் படமும் இருந்தது. அன்றிலிருந்து ரெட் லேடி பப்பாசியும் விதையில்லாத முந்திரிகைப்பழமும் வாங்குவதை விட்டுவிட்டேன். நான்கு மாதப் பேரனுக்குக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பால்மா கரைத்துக் கொடுக்கிறோம். அதுவும் பயமாக இருக்கிறது. நான் செய்தது சரியா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: அம்மா, முதலில் பப்பாசியை முடித்துவிடுவோம். ரெட் லேடி, தாய்வானில் உருவான கலப்பின வகை. ஒரு மரத்தின் மகரந்தத்தை இன்னொரு மரத்தின் பூவில் சேர்த்து எடுத்த விதை, அவ்வளவுதான். மரபணு மாற்றிய பப்பாசியும் உலகில் உண்டு. ஹவாய்த் தீவில் வைரஸ் நோய் தோட்டங்களை அழித்தபோது அதை உருவாக்கி, 1998 முதல் பயிரிடுகிறார்கள். நம்முடைய செம்மண்ணில் காய்ப்பது அதுவல்ல. விதையில்லாத முந்திரிகை இன்னும் பழைய கதை. இயற்கையாகவே விதை முற்றாமல் போன கொடிகளில் தடி வெட்டி நட்டுப் பரப்பியவை அவை. சலரோகம் இருப்பதால் நீங்கள் பார்க்க வேண்டியது அளவை மட்டும்தான். பப்பாசி ஒரு சிறு கிண்ணம் சாப்பிடலாம். சாறாகக் குடிக்க வேண்டாம்.

அந்த எலிகள் பெரும்பாலும் 2012இல் பிரான்சில் செய்த ஆய்வில் இருந்தவை. ஒவ்வொரு பிரிவிலும் பத்து எலிகள்தான். அந்த இனம் வயதாகும்போது, எதைத் தின்றாலும், தானாகவே கட்டி வருகிற இனம். சாதாரணத் தீவனம் தின்ற எலிகளுக்கும் கட்டிகள் வந்தன. ஆனால் உலகம் பார்த்த படங்களில் அவை இல்லை. இந்த எண்ணிக்கையை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று அந்த ஆய்வை வெளியிட்ட சஞ்சிகை 2013இல் கட்டுரையை விலக்கிக்கொண்டது. பின்னர் அது வேறொரு சஞ்சிகையில் வெளிவந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விலக்கிய செய்தி உங்கள் மகளின் தொலைபேசிக்கு வந்திருக்காது. அதற்குப் படம் இல்லையே.

ஊசி குத்திய தக்காளி வெறும் கற்பனைப் படம். மரபணுவைப் பழத்துக்குள் ஊசியால் ஏற்றுவதில்லை. செடியின் உயிரணுவுக்குள், பெரும்பாலும் ஒரு மண் பற்றீரியாவின் உதவியோடு, சேர்க்கிறார்கள். பயம் எப்படி உடை மாற்றுகிறது என்பதற்கு ஸ்பைடர்மேனைப் பாருங்கள். 1962இல் வந்த சித்திரக்கதையில் அவனைக் கடித்த சிலந்தி கதிரியக்கம் ஏறியது. அப்போது உலகுக்கு அணுகுண்டுப் பயம். 2002இல் வந்த திரைப்படத்தில் அதே சிலந்தி மரபணு மாற்றியதாகிவிட்டது. பேரப்பிள்ளைகளோடு அதை நானும் ரசித்துத்தான் பார்த்தேன்.

எல்லாப் பயமும் பொய் என்று சொல்ல வரவில்லை. பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சேர்த்த சோயா, அந்தக் கொட்டை ஒவ்வாதவர்களுக்கு ஒவ்வாமையைத் தரக்கூடும் என்று 1996இல் வெளியான ஆய்வு காட்டியது. அது கடைக்கு வராமலே கைவிடப்பட்டது. ஒவ்வொரு பயிரையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்வது இதனால்தான். அப்படிச் சோதித்து விற்பனைக்கு வந்தவை மற்ற உணவை விடக் கூடிய ஆபத்தைத் தருவதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் அறிவித்தன. விதை யார் கையில் இருக்க வேண்டும் என்ற சண்டை வேறு. அதற்கு மருத்துவர் தேவையில்லை.

அடுத்ததைச் சொல்லலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். எப்படியும் இன்னொரு காணொளி உங்களுக்குச் சொல்லிவிடும். அதற்கு முன் நானே சொல்கிறேன். நீங்கள் போடும் இன்சுலின்தான் மரபணு மாற்றத்தில் வந்தது. முன்பு மாடு, பன்றியின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்தார்கள். சிலருக்கு ஒவ்வாமை வந்தது. மனித இன்சுலின் மரபணுவைப் பற்றீரியாவில் சேர்த்துத் தயாரித்தது 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று பற்றீரியாவும் ஈஸ்டும் நமக்காக இன்சுலின் சுரக்கின்றன. உங்கள் பேரனுக்கு இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களில் போடும் தடுப்பூசியில் ஈரல் அழற்சி பி நோய்க்கான பகுதியும் ஈஸ்டில் செய்தது. பாண் புளிக்கவைப்பதும் ஒரு வகை ஈஸ்ட்தான். காலை ஊசியையோ மாலை ஊசியையோ ஒரு நாளும் விடாதீர்கள். பேரனின் நான்காம் மாத ஊசி தவறியிருந்தால் இந்தக் கிழமையே போடுங்கள்.

கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்படுத்தியது கிணற்றுத் தண்ணீர். உங்கள் ஊர் இருக்கும் வலிகாமத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தோட்டத்துக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழியும் நைத்திரேற்று என்ற உப்பாக நிலத்தடி நீரில் இறங்குகின்றன. நிறமும் மணமும் இல்லாததால் அதைக் காணொளியில் காட்ட முடியாது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால், புட்டிப்பால் குடிக்கும் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலிமையை இழக்கலாம். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்படிக் கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது செறியும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் கிணற்றைச் சோதிக்கக் கேளுங்கள். முடிவு வரும்வரை நல்லதென்று உறுதியான போத்தல் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துப் பால்மா கரையுங்கள். தாய்ப்பால் இன்னும் வருகிறதென்றால் மருமகளையோ மகளையோ குடும்பநலத் தாதியிடம் அனுப்புங்கள். குழந்தைக்கு நான்கு மாதம்தான் என்பதால் பாலைத் திரும்பக் கூட்டிவிடலாம்.