வெல்டிங் சிமுலேட்டர் வாங்கினால், பட்டறையில் ராடு எரிக்கும் பயிற்சியைக் குறைத்துவிடலாமா?

கடலூரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் பிரிவு மாணவர்களுக்குப் பயிற்சி அளிப்பவன் நான். தங்கள் நிலையத்தில் சிமுலேட்டர், அதாவது நெருப்பில்லாமல் திரையில் பற்றவைத்துப் பழகும் கருவி, வாங்கப் போவதாகவும், அதைக் காரணம் காட்டி ராடு (உருகிப் பற்றவைக்கும் கம்பி), பிளேட் செலவைக் குறைக்க நிர்வாகம் நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். செலவைக் குறைப்பதற்காக என்றால் வாங்க வேண்டாம். கற்பிப்பதற்காக என்றால் தாராளமாக வாங்கலாம்.

மாணவன் ஆர்க் (ராடு முனைக்கும் பிளேட்டுக்கும் இடையே எரியும் மின்சுடர்) அடிக்கும்போது அருகில் நின்று கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தால், உருகிய குழம்பு தெரியுமே தவிர அவன் கை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது சரியாகத் தெரியாது; கண்ணாடியை விலக்கிவிட்டுப் பார்க்கவும் வழியில்லை. அதனால், முடிந்த தையலை, அதாவது பற்றவைத்த கோட்டைப் பார்த்து எங்கே தவறியிருப்பான் என்று ஊகித்துத்தான் இத்தனை காலமும் திருத்தி வந்திருக்கிறோம். ராடு எரிய எரியக் குட்டையாகும் என்பதால், கை பக்கவாட்டில் நகர்வதோடு சிறிது சிறிதாகக் கீழேயும் இறங்க வேண்டும். புதியவர்கள் இதைத்தான் மறப்பார்கள். 3.15 மி.மீ. ராடுக்கு ஆர்க் நீளமும் ஏறத்தாழ அதே அளவில் இருக்க வேண்டும் என்றால் தலையாட்டுவார்கள். ஆனால் பாதித் தூரத்திலேயே ஆர்க் நீண்டு, பொறி தெறித்து, தையல் அகலமாகப் பரவிவிடும். எரியும் ராடைப் போலவே உள்ளே சுருங்கும் போலி ராடு உள்ள சிமுலேட்டரில் இதே பிழையைச் செய்தால், ஆர்க் நீளத்தைக் காட்டும் கோடு எந்த இடத்தில் மேலே ஏறியது என்பதை அவனே திரையில் பார்த்துவிடுகிறான். பலமுறை சொல்லியும் ஏறாதது அந்த ஒரு கோட்டில் ஏறிவிடுகிறது.

விமானிகளுக்காக எட்வின் லிங்க் 1929-இல் உருவாக்கிய சிமுலேட்டர் வகைப் பயிற்சிக் கருவியை, அஞ்சல் கொண்டுசென்ற விமானிகள் பலர் விபத்தில் இறந்த பிறகுதான் 1934-இல் அமெரிக்க ராணுவம் வாங்கியது. அங்கே பிழைக்கு விலை உயிர். நம் பயிற்சிப் பட்டறையில் பெரும்பாலும் ஒரு பிளேட்டும் சில ராடுகளும்தான் வீணாகும். அந்த வீணும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

ஏனென்றால், கேபிளின் கனம் மணிக்கட்டை இழுப்பதும், கையுறைக்குள் சூடு ஏறுவதும், ஒட்டிக்கொண்ட ராடைச் சட்டென்று முறுக்கி விடுவிப்பதும், தையலின் மேல் படியும் ஸ்லாக் என்னும் ஓட்டைத் தட்டி எடுத்த பிறகு அடியில் ஓட்டை தெரிவதும் திரையில் வருவதில்லை. கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டி பிரித்து வைத்த 7018 என்னும் வகை ராடு, காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதை 300 முதல் 350 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் உலர்த்தாமல் பயன்படுத்தினால் தையலில் துளை விழும், ஹைட்ரஜன் புகுந்து பிறகு விரிசலும் விடலாம். சிமுலேட்டரின் ராடு எந்த மழைக்கும் நமுத்துப்போவதில்லை.

மதிப்பெண்ணைக் குறித்தும் எச்சரிக்க வேண்டும். திரையில் 90 வாங்கியதும் தனக்குத் தொழில் வந்துவிட்டதாகவே பையன்கள் நம்பிவிடுகிறார்கள். இங்கிருந்து நெய்வேலி பக்கம் பாய்லர் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு, இந்தியப் பாய்லர் விதிகளின்படி, உண்மையான குழாயைப் பற்றவைத்துக் காட்டித் தேறிய சான்றிதழ் வேண்டும். 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்திய குழாயைச் சுற்றிப் பற்றவைக்கும் 6ஜி தேர்வில், சிமுலேட்டர் மதிப்பெண்ணை யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் பின்பற்றும் முறை இதுதான்: தொடக்கத்தில் கோணமும் வேகமும் கைக்குப் பிடிபடும் வரை சிமுலேட்டர், உடனே அதே ஜாயின்ட்டை (இணைப்பை) உண்மையான பிளேட்டில், அதில் வந்த குறையோடு மறுபடியும் திரைக்கு. இதற்கு ஒரு பிரிவுக்கு ஒரு கருவியே போதும். மிஞ்சும் பணத்தில், உங்களிடம் ராடு உலர்த்தும் அடுப்பு இல்லையென்றால், மழைக்காலத்துக்கு முன் அதை வாங்கிவிடுங்கள்.